குடியை விட கைபேசி உதவுமா?



சென்ற மாதம் ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மகன் கைபேசியில் ஏதோ ஒரு ஆப் வைத்து, குடித்த அளவைக் குறித்து வருகிறானாம். "ஹராமைக் கணக்கெழுதிக் குடிக்கலாமா செக்ரட்டரி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம் வீடுகளில் இந்த நோய் இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தத் தாயோ யாருக்கும் தெரியாமல் அசருக்குப் பிறகுதான் வந்தார்.

முதலில் சட்டம். பகரா 219, நிஸா 43, பிறகு மாயிதா 90 என்று படிப்படியாக மதுத் தடை இறங்கியதை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். மாயிதாவோடு தடை முழுமையாகிவிட்டது. இனி எவருக்கும் 'கொஞ்சம்' என்ற சலுகை இல்லை. ஆனால் நோயாளி படி இறங்கி வெளியேறுவது சலுகை கேட்பதாகாது. அவர் இறங்குவது எதை நோக்கி என்பதே கேள்வி.

இனி ஆப். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 'ஏ-செஸ்' என்று ஒன்றை உருவாக்கினர். தங்கிச் சிகிச்சை பெற்று வெளியேறிய 349 பேரிடம் சோதித்து, 2014-இல் முடிவை வெளியிட்டனர். முன்பு குடித்த கடையின் பக்கம் போனால் கைபேசி எச்சரிக்கும். ஆசை மீறும்போது ஒரு பொத்தானை அமுக்கினால் உதவி கிடைக்கும். ஆப் பெற்றவர்கள் அளவுமீறிக் குடித்த நாட்கள் மாதத்துக்குச் சராசரி 1.39, பெறாதவர்களுக்கு 2.75. ஏறக்குறையப் பாதி.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் 'டிரிங்க் லெஸ்' வேறு வகை. குடித்ததைக் குறித்து, இலக்கு வைத்துக் குறைப்பது. சுமார் 5,600 பேரிடம் நடத்திய ஆய்வு 2024-இல் வெளியானது. பலன் சிறிது, வாரத்துக்கு ஓரிரு யூனிட் கூடுதலாகக் குறைந்தது. ஒரு யூனிட் என்பது 8 கிராம் ஆல்கஹால். ஒரு கணக்கீட்டு முறையில் அந்த வித்தியாசம்கூட உறுதிப்படவில்லை. பலர் ஆப்பை மருந்துபோல் நம்புகிறார்கள், அதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: கணக்கு எழுதட்டும், ஆனால் வாரம் ஒருமுறை டாக்டரிடம் காட்டட்டும், இலக்கு பூஜ்யமாக இருக்கட்டும். நீங்கள் அவன் போனை ஒளிந்து பார்க்காதீர்கள். பார்த்தால் அவன் பொய்க் கணக்கு எழுதத் தொடங்குவான்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. பல மாதம் தினமும் நிறையக் குடித்தவர், தவ்பா செய்த வேகத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், மரணம்கூட நேரலாம். அறையில் பூட்டி வைத்து 'திருத்தும்' குடும்பங்கள் இதை அறிய வேண்டும். நிறுத்துவது மருத்துவர் மேற்பார்வையில் நடக்கட்டும். எந்த ஆப்பும் வலிப்பைத் தடுக்காது.

ஆப் இறக்குமுன் அது என்னென்ன விவரம் கேட்கிறது என்று பாருங்கள். பெயர், இருப்பிடம், தொடர்பு எண்கள் என எல்லாவற்றையும் கேட்டால் வேண்டாம். ஆங்கிலம் படிக்கத் தயங்குவோர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலும் கணக்கு கணக்குதான்.

போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச உதவி எண் 14446. டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருவோர் அசருக்குப் பிறகு வரலாம். பெயர் கேட்க மாட்டோம்.