ப்ராசசர் மாத்தலாமா? முதல்ல டாஸ்க் மேனேஜரைத் திறங்க

போன மாசம் 62,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஆறு மாத இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்டில் மிச்சம் பிடித்த காசு அது. கடைக்கார அண்ணா எழுதிக் கொடுத்த கொட்டேஷன் 90,000-ஐத் தாண்டியிருந்தது. "மிச்சத்துக்கு இஎம்ஐ போட்டுக்கலாம் தம்பி, அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேணாம்" என்றார். ரைசன் 9 9900எக்ஸ், ஏஎம்5 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம். கேட்கவே எவ்வளவு நல்லா இருக்கு!

வீட்டில் தங்கச்சிக்கு ஜூனில் காலேஜ் ஃபீஸ் கட்டணும். அந்தக் காசைக் கொடு என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. "நாளைக்கு வர்றேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

என் பிரச்சனை நிஜமானதுதான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எஃப்பிஜிஏ-வில். விவாடோவில் ஒரு தடவை சிந்தசிஸ், பிளேஸ்மென்ட், ரவுட்டிங் எல்லாம் ஓடி முடிய 1 மணி 50 நிமிஷம். முடிந்ததும் பார்த்தால் டைமிங் மீட் ஆகாமல் மைனஸ் 0.3 நானோசெகண்ட் என்று சிவப்பில் நிற்கும். கோடில் ஒரு வரி மாத்தணும், மறுபடி 1 மணி 50 நிமிஷம். ஒரு நாளைக்கு நாலு தடவை ஓட்டினாலே பெரிசு. ரெண்டாவது ரிவ்யூவுக்குப் பதினோரு நாள் இருந்தது. என்னிடம் இருப்பது 2019-ல் வந்த ரைசன் 5 3600: 6 கோர், 12 த்ரெட். பழசு, அதனால்தான் ஸ்லோ என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

அன்று ராத்திரி ஒரு ரன்னை ஓடவிட்டு, சும்மா டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். சிபியு 17 சதவீதம். மெமரி 97 சதவீதம். டிஸ்க் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

இந்த 17-ஐக் கொஞ்சம் கவனிங்க. 12 த்ரெட்டில் 2 மட்டும் முழுசா வேலை செய்தால் 2-ஐ 12-ஆல் வகுக்கணும்: 16.7 சதவீதம். அதாவது மீதி 10 த்ரெட் சும்மா உட்கார்ந்திருக்கு. காரணம் ரொம்ப சாதாரணம். விவாடோ விண்டோஸில் இயல்பாக 2 த்ரெட்தான் எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் 8. இது யூசர் கைடிலேயே இருக்கிறது. மூணு வருஷமா அந்த சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறேன், படிக்கவில்லை. ஏற்கனவே இருக்கிற 12 த்ரெட்டில் பத்தை வேலை வாங்காமல், 24 த்ரெட் உள்ள சிப்பை இஎம்ஐயில் வாங்கப் போனவன் நான்.

சரி, கோர் அதிகமானால் எவ்வளவு வேகம் கிடைக்கும்?

கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பரில் ஆம்டால் விதி என்று ஒன்று படித்திருப்பீங்க. ஐபிஎம்-இல் இருந்த ஜீன் ஆம்டால் 1967-ல் வைத்த வாதம். ரெண்டு மார்க் கேள்விக்கு ஃபார்முலாவை எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். பர்ஸைத் திறக்கும்போதுதான் அது ஞாபகத்துக்கு வரணும்.

ஒரு வேலை ஒரே கோரில் 100 நிமிஷம் எடுக்குதுன்னு வச்சுக்குவோம். அதில் 60 நிமிஷ வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். 40 நிமிஷம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கணும். சாம்பார் கொதிக்கிற நேரம் மாதிரி, காய் நறுக்க எத்தனை பேர் வந்தாலும் அது குறையாது. 2 கோர் இருந்தால் 40 கூட்டல் 30, மொத்தம் 70 நிமிஷம். 6 கோருக்கு 40 கூட்டல் 10, 50 நிமிஷம். 12 கோருக்கு 45. ஆயிரம் கோர் போட்டாலும் 40-க்குக் கீழே இறங்காது. 2-ல் இருந்து 6-க்குப் போனதில் 20 நிமிஷம் மிச்சம். அதற்கு எனக்கு ஆகும் செலவு ஒரு வரி கமாண்ட். 6-ல் இருந்து 12-க்குப் போனால் 5 நிமிஷம். அதற்குத்தான் அந்தக் கொட்டேஷன்.

ஆனால் இதோடு நிறுத்தினால் புது சிப்புக்கு அநியாயம் பண்ணுகிறேன். புது தலைமுறையில் கோர் எண்ணிக்கை மட்டும் கூடுவதில்லை, ஒவ்வொரு கோரும் வேகமாகிறது. அந்த 40 நிமிஷத்தைக் குறைக்கிறது அதுதான். ஒரு கிளாக்கில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதற்கு ஏஎம்டி சொன்ன கணக்கு: ஜென் 2-ல் இருந்து ஜென் 3-க்கு 19 சதவீதம், அடுத்து ஜென் 4-க்கு 13, அதற்கடுத்து ஜென் 5-க்கு 16. மூன்றையும் பெருக்கினால் 1.56 மடங்கு. கூடவே பூஸ்ட் கிளாக் 4.2 கிகாஹெர்ட்ஸில் இருந்து 5.6-க்கு ஏறியிருக்கு, அது 1.33 மடங்கு. ரெண்டையும் பெருக்கினால் 2-க்குக் கொஞ்சம் மேலே. கம்பெனியே சொன்ன சராசரிக் கணக்கு என்பதால் நம்ம வேலையில் இதைவிடக் குறைய வாய்ப்பு உண்டு. இருந்தாலும் 2019 சிப்பில் இருந்து வருபவருக்கு ஒத்தைக் கோர் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பு என்பது சும்மா விளம்பரம் இல்லை.

இங்கே கடையில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கு. அந்த வேகம் 12 கோர் சிப்புக்கு மட்டும் சொந்தமில்லை. அதே ஜென் 5-ல் 6 கோர் உள்ள ரைசன் 5 9600எக்ஸ் 5.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 65 வாட் சிப். என் மாதிரி வேலைக்குக் கிடைக்கிற லாபத்தில் முக்கால்வாசிக்கு மேல் அதிலேயே வந்துவிடும். பெரிய நம்பர் போட்ட பெட்டியைத்தான் கண் முதலில் பார்க்கிறது, என்ன செய்ய!

சிப் மாத்துறதும் பிளாட்ஃபாரம் மாத்துறதும் வேற வேற

சாக்கெட் என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடினேன், கிடைத்தது எதுவும் கடையில் செல்லாது. அதனால் சாக்கெட் என்றே எழுதுகிறேன். ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட் 2016-ல் வந்தது. 2022 செப்டம்பரில் ஏஎம்5. முன்னதில் 1331 பின், பின்னதில் 1718 தொடுமுனை. ஒன்றின் சிப் மற்றதில் உட்காராது. ஏஎம்5 டிடிஆர்5 ரேமை மட்டும்தான் ஏற்கும், பழைய டிடிஆர்4 குச்சிகள் வீண். அதனால் 'ப்ராசசர் மாத்துறேன்' என்று கிளம்பினால் மூணு பொருளுக்குக் காசு கொடுக்கிறீங்க. அதில் ரேம் விலை 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கான மெமரித் தேவையால் தாறுமாறாக ஏறிவிட்டது. என் கொட்டேஷனில் எனக்கு மூச்சு முட்டிய வரி ப்ராசசர் இல்லை, ரேம்தான்.

ஏஎம்4 வைத்திருப்பவர்களுக்கு நடுவில் ஒரு வழி இருக்கு. பயாஸ் அப்டேட் பண்ணிவிட்டு அதே போர்டில், அதே ரேமோடு ஜென் 3 சிப்பைப் போடலாம். 8 கோர் ரைசன் 7 5700எக்ஸ் என் 3600-ஐவிட ஒத்தைக் கோரில் சுமார் 30 சதவீதம் வேகம் என்று மேலே போட்ட மாதிரிக் கணக்கில் வருகிறது. பி450 போர்டுகளுக்கு ஜென் 3 கிடையாது என்று 2020-ல் ஏஎம்டி முதலில் சொன்னது. வாங்கியவர்கள் எதிர்ப்புக் காட்டியதும் அதே மாதம் மனசு மாத்திக்கொண்டது. 'இந்த சாக்கெட் இத்தனை வருஷம் வரும்' என்ற வாக்குறுதியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இதைவிடக் கசப்பான உதாரணம் த்ரெட்ரிப்பர். 2017-ல் டிஆர்4 சாக்கெட்டோடு வந்தது. 2019 நவம்பரில் மூன்றாம் தலைமுறைக்குப் புது சாக்கெட், எஸ்டிஆர்எக்ஸ்4. பழைய போர்டு செல்லாது. சரி என்று விலையுயர்ந்த புது போர்டை வாங்கியவர்களுக்கு அந்த சாக்கெட்டில் அடுத்த தலைமுறையே வரவில்லை, அந்த ஒரே வரிசையோடு முடிந்தது. 2023-ல் வந்த த்ரெட்ரிப்பர் 7000-க்கு மறுபடி இன்னொரு சாக்கெட். உயர்ரக பிளாட்ஃபாரத்தில் நீங்க காசு கொடுப்பது பிசிஐஇ லேனுக்கும் மெமரி சேனலுக்கும். ஒரே மெஷினில் மூணு நாலு ஜிபியு, கை நிறைய என்விஎம்இ டிரைவ் என்று சொருகும் ஆய்வுக்கூடத்துக்கு அது சரி. ஹாஸ்டல் ரூமுக்கு எதுக்கு?

இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14-ஆம் தலைமுறைகளோடு முடிந்து, 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 வந்தது. செகண்ட் ஹேண்டில் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 டெஸ்க்டாப் சிப் வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க. அவற்றில் வோல்டேஜ் அதிகமாகப் போய் சிப் நிலைகுலையும் பிரச்சனை இருந்தது. இன்டெல் 2024-ல் மைக்ரோகோட் திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டியது. ஆனால் ஏற்கனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. முன்னாடி வைத்திருந்தவர் பயாஸை எப்போ அப்டேட் பண்ணினார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

உங்க வேலை எதுக்காகக் காத்திருக்கு?

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் டேபுக்குப் போய், சிபியு கிராஃப் மேல் ரைட் கிளிக் பண்ணி லாஜிக்கல் ப்ராசசர்களாக மாத்திப் பாருங்க. லினக்ஸ்காரர்களுக்கு எச்டாப். உங்க நிஜ வேலையை ஓடவிட்டுப் பார்க்கணும், பெஞ்ச்மார்க்கை இல்லை.

எல்லாக் கட்டமும் நிறைந்து வழிந்தால் உங்களுக்குக் கோர் வேணும். என் ரூம்மேட் பிளெண்டரில் சிபியுவில் ரெண்டர் பண்ணுவான். அவனுடைய பழைய 4 கோர் மெஷினில் எட்டுக் கட்டமும் நூறில் நிற்கும், ராத்திரி போட்டால் விடியும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஃப்ரீலான்ஸில் அவனுக்கு மாசாமாசம் பணம் வருது. அவன் 12 கோர் ஏஎம்5 வாங்கினான், அது சரியான முடிவுதான். அவனைப் பார்த்து நானும் கிளம்பினதுதான் தப்பு.

ஒண்ணு ரெண்டு கட்டம் மட்டும் நிறைந்திருந்தால் முதலில் செட்டிங்கைத் தேடுங்க. மேட்லாபில் சாதாரண ஃபார் லூப் ஒரே த்ரெட்டில்தான் நகரும். அதை மேட்ரிக்ஸ் கணக்காக மாத்தி எழுதினால் பல கோர்கள் தானாக உள்ளே வரும். சில ஸ்டூடண்ட் லைசன்ஸில் கோர் எண்ணிக்கைக்கே வரம்பு இருக்கும், அதையும் பார்த்துக்குங்க. கேமுக்கு என்றால் ரெசல்யூஷனைக் குறைத்து ஆடிப் பாருங்க. எஃப்பிஎஸ் ஏறினால் அடைப்பு கிராஃபிக்ஸ் கார்டில், ஏறவே இல்லையென்றால் ப்ராசசரில்.

மெமரி நிறைந்து டிஸ்க் ஓடிக்கொண்டே இருந்தால், கம்ப்யூட்டர் ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கைப் பயன்படுத்துகிறது. எந்த ப்ராசசரும் அதைக் காப்பாற்றாது. எனக்கு நடந்தது இதுதான், அந்த ரெண்டு த்ரெட் கதையோடு சேர்த்து.

அளந்து பார்த்தபிறகும் ஏஎம்5 தான் என்று முடிவானால், அனுபவப்பட்டவர்களிடம் கேட்டு வைத்த சிலதைச் சொல்லிடறேன். ரேமை ரெண்டு குச்சியாகவே வாங்குங்க. ரைசன் 9000-க்கு ரெண்டு குச்சியில் டிடிஆர்5-5600 வரை ஏஎம்டி உறுதி தருகிறது, நாலு குச்சி போட்டால் அது 3600-க்கு இறங்கிவிடும். முதல் தடவை ஆன் பண்ணும்போது மெமரி டிரெயினிங் நடக்கும். ஸ்கிரீன் சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கும், பயந்து பவரைப் பிடுங்காதீங்க. பிளாட்ஃபாரம் வெளிவந்த முதல் மாதங்களில் வாங்காமல் இருப்பதும் நல்லது. 2023-ல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சாக்கெட்டோடு கருகின. அதன்பிறகுதான் பயாஸில் எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.3 என்று வரம்பு வந்தது. பழைய ஏஎம்4 சிப்பைக் கழற்றுகிறவர்களுக்கு ஒண்ணு: கூலரை நேராக இழுக்காதீங்க. மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகினதும், ஆஃப் பண்ணிவிட்டு மெல்லத் திருகி எடுங்க. இல்லாவிட்டால் சிப்பும் கூலரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும். வளைந்த பின்னை மெக்கானிக்கல் பென்சிலால் நிமிர்த்திய கையோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் செய்தது இவ்வளவுதான். கோர்ஸ் முடித்துப் போன சீனியர் அண்ணா ஒருத்தரிடம் இருந்த 16 ஜிபி டிடிஆர்4-ஐ 4,000 ரூபாய்க்கு வாங்கினேன். த்ரெட் எண்ணிக்கையை 6 ஆக்கினேன். 1 மணி 50 நிமிஷம் 1 மணி 15 நிமிஷமானது. அப்புறம் இன்க்ரிமென்டல் இம்ப்ளிமென்டேஷன் பற்றிப் படித்தேன். முந்தைய ரன்னின் செக்பாயின்டைக் கொடுத்தால், மாறாத பகுதியின் பிளேஸ்மென்டையும் ரவுட்டிங்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். சின்ன மாற்றங்களுக்கு இப்போ 50 நிமிஷத்துக்குள் முடியுது. ரிவ்யூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி டைமிங் மீட் ஆச்சு, பிளஸ் 0.04 நானோசெகண்ட். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கடைக்கார அண்ணா ரெண்டு தடவை வாட்ஸ்அப்பில் கேட்டார். ஃபீஸ் கட்டின ரசீது நேற்று வந்தது, தங்கச்சிக்கு இசிஇ கிடைத்திருக்கு. என் 3600 அடுத்த வருஷம் அவளுக்குப் போகும். அதுக்குள்ள ஒரு 5700எக்ஸ் செகண்ட் ஹேண்டில் யாராவது வித்தா சொல்லுங்க, பின் எல்லாம் நேரா இருக்கணும்.