கோள் என்பது யாது?



ஞாயிற்றைச் சுற்றிவரும் கோள்கள் எத்தனை என்று வினவினால், 'எட்டு' என்று நீங்கள் விடை பகர்வீர்கள். இதே வினாவை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். 'ஒன்பது' என்பர் பலர். அவர்கள் பள்ளியில் அவ்வாறே பயின்றனர். பாட்டியைக் கேட்டால் அவரும் 'ஒன்பது' என்பார். ஆயின், அவர் எண்ணுவன கோயிலில் நாம் வலம்வரும் நவக்கிரகங்கள். அவற்றுள் ஞாயிறும் திங்களும் உண்டு. இராகு, கேது என்னும் நிழற்கோள்களும் உண்டு. நாம் வாழும் பூமியோ இல்லை. இம்மூவருள் பிழை செய்தவர் யார்? இதனை அறிய வேண்டுமானால், கோள் என்பது யாது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

பொழுது புலருமுன் பால்மரம் வெட்டச் செல்வோர், கீழ்வானில் விடிவெள்ளி ஒளிர்வதைக் கண்டிருப்பர். சில மாதங்கள் கழிந்தபின் அஃது அங்கே இராது. மாலையில் மேல்வானில் தோன்றும். மற்ற விண்மீன்கள் தமக்குள் இடம் மாறாதிருக்க, இவ்வாறு இடம்பெயரும் ஒளிகளை முன்னோர் கூர்ந்து நோக்கினர். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும், ஞாயிறும் திங்களும் சேர்ந்து ஏழாயின. நம் கிழமைகளின் பெயர்கள் இவையே அல்லவா? கிரேக்கரும் இவற்றை 'அலைந்து திரிவன' என்னும் பொருள்படவே அழைத்தனர். எனவே, இடம்பெயர்தல் ஒன்றே அக்காலத்தில் கோளின் இலக்கணமாக இருந்தது.

1543ஆம் ஆண்டில் போலந்து நாட்டு அறிஞர் கோப்பர்நிக்கஸ், பூமியும் பிற கோள்களும் ஞாயிற்றைச் சுற்றுகின்றன என்று நூல் எழுதி வெளியிட்டார். இக்கருத்து நாளடைவில் நிலைபெறவே, இலக்கணமும் மாறியது. ஞாயிற்றைச் சுற்றுவதே கோள் என்றாயிற்று. ஞாயிறும் திங்களும் பட்டியலினின்று நீங்கின. பூமி அதில் இடம்பெற்றது. 1781ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியால் யுரேனசைக் கண்டறிந்தபோது கோள்கள் ஏழாயின.

1801ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள், இத்தாலிய அறிஞர் பியாசி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சீரிஸ் என்னும் புதிய பொருளைக் கண்டார். அதனையும் கோள் என்றே கொண்டாடினர். 1807ஆம் ஆண்டிற்குள் பல்லாஸ், சூனோ, வெஸ்டா என மேலும் மூன்று அதே பகுதியில் தென்பட்டன. கோள்கள் பதினொன்று என்று அக்காலப் பாடநூல்கள் கூறின. பின்னர் அங்கே இத்தகைய பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. இவை தனிக் கோள்கள் அல்ல, ஒரு பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை என்று தெளிந்த அறிஞர், அவற்றைச் 'சிறுகோள்கள்' என வேறு பிரித்தனர். இதற்கிடையில் 1846ஆம் ஆண்டில் நெப்டியூன் காணப்பெற்றது. கோள்கள் எட்டு என்றாயின.

1930ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிளைடு டோம்பா என்னும் இளைஞர் புளூட்டோவைக் கண்டறிந்தார். அதற்கு அப்பெயரைக் கூறியவர், இங்கிலாந்தைச் சேர்ந்த வெனிசியா பர்னி என்னும் 11 வயதுச் சிறுமி! புளூட்டோ ஒன்பதாம் கோளாயிற்று. தொடக்கத்தில் அது பூமியைப் போன்று பெரிது என்று கருதினர். 1978ஆம் ஆண்டில் அதன் துணைக்கோளான கேரன் கண்டறியப்பட்டபின், அதன் நிறையைச் சரியாகக் கணிக்க முடிந்தது. புளூட்டோ நம் நிலவினும் சிறியது. நிலவின் விட்டம் ஏறத்தாழ 3,475 கிலோமீட்டர். புளூட்டோவின் விட்டமோ 2,377 கிலோமீட்டரே. 1992 முதல் நெப்டியூனுக்கு அப்பால் பனிக்கட்டி நிறைந்த பொருள்கள் பல கண்டறியப்பட்டன. 2005ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஏரிஸ், புளூட்டோவைவிட நிறை மிக்கது. புளூட்டோ கோள் எனில் ஏரிசும் கோளன்றோ? சீரிசின் கதை மீண்டும் நிகழ்ந்தது.

ஆகவே, 2006ஆம் ஆண்டு ஆகத்து 24ஆம் நாள், பிராக் நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம், நம் ஞாயிற்றுக் குடும்பத்துக் கோளுக்கு மூன்று இலக்கணங்களை வகுத்தது.

முதலாவது, அது ஞாயிற்றைச் சுற்ற வேண்டும். கனிமீடு என்னும் நிலவின் விட்டம் 5,268 கிலோமீட்டர். புதனின் விட்டம் 4,879 கிலோமீட்டர்தான். ஆயினும், கனிமீடு வியாழனைச் சுற்றுவதால் துணைக்கோளே ஆகும்.

இரண்டாவது, அது ஏறக்குறைய உருண்டை வடிவாக இருக்க வேண்டும். நிறை மிகுந்த பொருளின் ஈர்ப்பு விசை, அதன் எல்லாப் பக்கங்களையும் நடுவை நோக்கி இழுத்து உருண்டையாக்கிவிடும். சிறிய பொருளுக்கு அவ்வலிமை இல்லை. அதனால்தான் சிறுகோள்கள் பல உருளைக்கிழங்கைப் போன்று கோணலாக உள்ளன.

மூன்றாவது, தான் செல்லும் பாதையின் சுற்றுப்புறத்தை அது துப்புரவாக்கியிருக்க வேண்டும். நாம் வாசலைப் பெருக்குவது போன்று, கோளானது தன் பாதையில் உள்ள பொருள்களை ஈர்த்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அல்லது அப்பால் எறிந்துவிடும். அல்லது தன் ஆட்சிக்குள் அடக்கிவிடும்.

புளூட்டோ ஞாயிற்றைச் சுற்றுகிறது. ஒருமுறை சுற்ற 248 ஆண்டுகள் ஆகின்றன. அஃது உருண்டையாகவும் உள்ளது. ஆனால், அதன் பாதை எண்ணற்ற பனிப்பொருள்களுக்கும் பொதுவானது. ஆதலின், மூன்றாம் இலக்கணம் அதற்குப் பொருந்தவில்லை. புளூட்டோவும், ஏரிசும், சீரிசும் 'குறுங்கோள்கள்' எனப் பெயர் பெற்றன. இம்மூன்றாம் இலக்கணத்தை ஏற்காத அறிஞர் சிலர் இன்றும் உளர். எனினும், பெயர் மாறியதால் புளூட்டோவின் சிறப்புக் குன்றிவிடவில்லை. 2015ஆம் ஆண்டில் 'நியூ ஹொரைசன்ஸ்' விண்கலம் அதன் அருகே பறந்து, பனிமலைகளையும் இதய வடிவான பனிவெளியையும் படம்பிடித்து அனுப்பியது.

மாணவர்களே! இப்பொழுது கூறுங்கள், பிழை செய்தவர் யார்? ஒருவருமிலர். பாட்டி எண்ணியது கண்ணுக்குப் புலப்பட்ட வானத்தின் வழிவந்த கணக்கு. பெற்றோர் எண்ணியது அவர்கள் காலத்து அறிவியல் தந்த கணக்கு. உங்களுடையது இன்றைய கணக்கு. ஆகவே, 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று பெரியோரை எள்ளி நகையாடாதீர். எண்ணிக்கை ஏன் மாறியது என்பதை அவர்களுக்கு அன்போடு எடுத்துரையுங்கள். பெற்றோரும், 'எத்தனை?' என்று கேட்பதோடு நில்லாமல், 'ஏன்?' என்றும் தம் மக்களைக் கேட்க வேண்டுகிறோம். எட்டு என்று மனப்பாடம் செய்தல் எளிது. எட்டானது எவ்வாறு என்று விளக்குவதே கல்வி.

முகில் இல்லாத இரவில் முற்றத்திற்கு வந்து வானத்தை நோக்குங்கள். விண்மீன்கள் மினுக்கும், கோள்கள் பெரும்பாலும் மினுக்காமல் நிலையாக ஒளிரும். அத்தகைய ஒன்றைக் கண்டால், அருகிலுள்ள விண்மீன்களோடு சேர்த்து ஏட்டில் வரைந்துகொள்ளுங்கள். சில வாரங்கள் கழித்து மீண்டும் வரைந்து ஒப்பிடுங்கள். அஃது இடம்பெயர்ந்திருப்பின், நம் முன்னோர் கண்டதை நீங்களும் கண்டவராவீர். பாட்டியையும் அழைத்துக் காட்டுங்கள்.