குடற்சுரப்பும் உப்புச் சர்க்கரைக் கரைசலும்

நாள்தோறும் நம் உணவுப்பாதையில் ஏறத்தாழ 9 லிட்டர் நீர் சேர்கிறது. இதில் நாம் உண்பதாலும் பருகுவதாலும் வருவது 2 லிட்டர்தான். எஞ்சியவை உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் ஆகிய சுரப்புகளே. நலமுள்ள குடல் 200 மில்லிலிட்டர் அளவையே வெளியேற்றி, மற்றதை உறிஞ்சிக்கொள்கிறது.

காலரா இச்சமநிலையைக் குலைக்கிறது. கிருமி குடற்சுவரை அரிப்பதில்லை. அதன் நச்சே சுரப்பைத் தூண்டுகிறது என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959-இல் முயல்களின் குடலில் மெய்ப்பித்தார். (அவருக்குரிய மதிப்பு காலந்தாழ்ந்தே கிட்டியது.) நச்சினால் உயிரணுக்களிலிருந்து குளோரைடு இடைவிடாது வெளியேற, சோடியமும் நீரும் உடன் செல்கின்றன. நோயாளி சில மணி நேரத்திலேயே வற்றிப்போகிறார்.

ஆயினும் ஒரு வாயில் அடைபடுவதில்லை. குளுக்கோஸும் சோடியமும் இணைந்து உட்புகும் வழி பழுதின்றி இயங்குகிறது. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. வெறும் உப்புநீர் போதாமைக்குக் காரணம் இதுவே. சர்க்கரை மிகுந்தாலோ, உறிஞ்சப்படாத எச்சம் நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைப் பெருக்கும்.

1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவில் சிரைவழி ஏற்றும் நீர் தீரும் நிலையில், டாக்டர் திலீப் மகாலனோபிஸ் இக்கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். உறவினரே ஊட்டினர். 30 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு 4-க்கும் கீழ் இறங்கியது.

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய கலவையில், 1 லிட்டர் நீருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும், அவற்றுடன் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் உள்ளன. நீரின் அளவு பிழைத்தால் கணக்கு முழுதும் பிழைக்கும். எனவே, கிராம சுகாதாரப் பணியாளர் தாய்மாருக்கு முதலில் காட்டவேண்டியது பொட்டலத்தையன்று, அளவுப் பாத்திரத்தையே.