சொல் அறிவோம்: ‘டிரா’

‘டிரா’ என்னும் ஆங்கில வினைக்கு இழுத்தல் என்பதே அடிப்படைப் பொருள். கிணற்றில் நீர் சேந்துவதும், தாளில் கோடு வரைவதும், மாதச் சம்பளம் பெறுவதும் அம்மொழியில் ‘டிரா’தான். நாமும் ‘கோடு இழுத்தான்’ என்கிறோம் அல்லவா? இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில், மின்னி பே போன்ற கரையோரப் பகுதிகளில் வாழ்வோர் இன்னொரு வழக்கையும் கேட்டிருக்கலாம். கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் நான்கு மீட்டர் அமிழ்ந்தால், அது நான்கு மீட்டர் ‘டிரா’ செய்கிறது என்பர் கடலோடிகள்.

வங்கியில் இச்சொல்லைச் சற்றுக் கவனமாகப் பொருள் கொள்ள வேண்டும். மின்னி பே வாடிக்கையாளர் ஒருவர் படகு பழுதுபார்த்த கூலிக்குக் காசோலை பெற்றார். அது ‘டிராயர்ஸ் சிக்னேச்சர் டிஃபர்ஸ்’ என்ற குறிப்புடன் திரும்பியது. நமக்கு டிராயர் என்றால் மேசையின் இழுப்பறை. சிலருக்கு அரைக்கால் சட்டை. அவரோ, பணம் எடுக்க முயன்ற தம்மைத்தான் அச்சொல் குறிக்கிறது என்று கருதி, தம் கையெழுத்தையே திருத்திப் பழகினார். நாற்பது நாள் கழித்துப் புதிய மாதிரிக் கையெழுத்துடன் கிளைக்கு வந்தார்.

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, ‘டிராயர்’ என்பவர் காசோலை எழுதிக் கையொப்பமிட்டவர். பணம் தருமாறு ஆணையிடப்படும் வங்கி ‘டிராயீ’. பணம் பெறவேண்டிய நம் நண்பர் ‘பேயீ’. அவர் கையெழுத்தில் யாதொரு பிழையும் இல்லை.

ஆனால் அந்த நாற்பது நாள்களின் இழப்பு சிறிதன்று. காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாள்களுக்குள், பணம் கேட்டு எழுத்து வடிவில் அறிவிப்பு அனுப்பினால்தான் 138ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடர வழி உண்டு. அறிவிப்புக் கிடைத்த பின் பணம் செலுத்த டிராயருக்கு 15 நாள் அவகாசம். கையெழுத்து வேறுபாட்டால் திரும்பும் காசோலைக்கும் இப்பிரிவு பொருந்தக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்துள்ளது.

நல்வாய்ப்பாக, காசோலை தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். அவர் அதை மீண்டும் செலுத்தினார். அதே குறிப்புடன் திரும்பியது. இம்முறை அந்த வாரமே, டிராயரின் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு சென்றது.