விடியலில் கிளம்ப மறுக்கும் பழைய ஜீப்: பழுது எங்கே என்று அறிவது எப்படி?

நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகை பயிரிடும் உழவர்களில் சிலர் பழைய ஜீப், பொலிரோ போன்ற டீசல் வண்டிகளைத் தோட்டத்திற்கும் பூச்சந்தைக்குமாக ஓட்டி வருகின்றனர். மார்கழி, தை மாதங்களில் இவ்வண்டிகள் சில நாள் சாவி போட்டதும் கிளம்பும். சில நாள் மக்கர் செய்யும். மொட்டாக விற்க வேண்டிய பூ மூட்டையில் கிடக்கும். காலை வியாபாரம் யாருக்காகவும் காத்திராது. உடனே புது பாட்டரி வாங்கி மாட்டுகின்றனர். சில வாரம் நன்றாக ஓடும். பிறகு பழைய கதைதான். இலை மஞ்சளானதும் காரணம் பாராமல் யூரியா போடுவதைப் போன்றது இது.

நமது சமவெளியில் தை மாத விடியலில்கூட வெப்பநிலை ஏறக்குறைய 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். நல்ல நிலையிலுள்ள டீசல் என்ஜினை நிறுத்தக்கூடிய குளிர் அல்ல இது. வண்டியில் ஏற்கெனவே ஒரு பலவீனம் இருக்கிறது; குளிர் அதை வெளிக்காட்டுகிறது, அவ்வளவே. டீசல் என்ஜினில் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. என்ஜின் மெதுவாகச் சுழன்றால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரில் கரைந்து போய்விடும். ஆகவே சுழலும் வேகத்தை முதலில் கவனிக்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஒன்றும் நடக்காமல் 'டக்' என்ற ஓசை மட்டும் கேட்கலாம். அல்லது என்ஜின் முனகிக்கொண்டு மெதுவாகச் சுழலலாம். இவ்விரண்டும் மின்சாரப் பகுதிப் பழுதுகள். வேகமாகச் சுழன்றும் பற்றவில்லையென்றால் டீசலையோ ஹீட்டர் பிளக்கையோ பார்க்க வேண்டும். இதைப் பிரித்தறியாமல் எந்தச் சாமானையும் வாங்க வேண்டாம். பத்து விநாடிக்கு மேல் செல்ப் மோட்டாரை ஓட்டக் கூடாது. அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.

மின்சாரப் பகுதிக்கு ஒரு சாதாரண மல்டி மீட்டர் போதும். சாவி போடுமுன் பாட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான். செல்ப் சுழலும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பாட்டரி பலமிழந்திருக்கிறது அல்லது செல்ப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. இறங்காமலிருந்தும் என்ஜின் மெதுவாகச் சுழன்றால், மின்சாரம் வழியில் தடைபடுகிறது என்று பொருள்.

தடையைக் கண்டுபிடிக்க மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் ஈயக் கட்டையிலும், மறுமுனையை என்ஜினின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரிலோ டெர்மினலிலோ பழுது. விட்டுவிட்டு வரும் கோளாறுகளில் நான் முதலில் சந்தேகிப்பது இந்த எர்த் வயரைத்தான். வெளியே முறுக்காகத் தெரியும். லக்கின் உள்ளே பச்சை பூத்து அரித்திருக்கும். புது பாட்டரி சில வாரம் உழைத்ததன் இரகசியமும் இதுவாக இருக்கலாம்: மாட்டும்போது டெர்மினலைச் சுரண்டினார்கள். சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் உப்பைக் கழுவி, துடைத்து, இறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பாட்டரி அருகே பீடி, தீக்குச்சி ஆகாது. அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.

வயர் சரியாக இருந்தும் 'டக்' ஓசையோடு நின்றால், செல்ப் சாலினாய்டின் உள்ளே செம்புத் தொடுமுனை தேய்ந்திருக்கலாம். பத்து தடவையில் ஒரு தடவை ஏமாற்றும் பழுது இது.

பாட்டரி இரவில் தானே இறங்குகிறதா? மாலையில் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் மாட்டிப் பாருங்கள். அன்று மட்டும் நன்றாகக் கிளம்பினால், பாட்டுப் பெட்டியோ ஏதோ ஒரு விளக்கோ இரவில் மின்சாரம் குடிக்கிறது. என்ஜின் ஓடும்போது பாட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். இல்லையேல் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

இனி, வேகமாகச் சுழன்றும் பற்றாத வண்டி. புகைக்குழாயைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. வெண்புகை வந்தால் டீசல் வருகிறது, ஆனால் எரியவில்லை.

டீசல் சேராததற்குப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் காற்றுக் கசிவே காரணம். டாங்கிலிருந்து பீட் பம்பு வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே புகும். இரவெல்லாம் டீசல் டாங்கிற்கே திரும்பிவிடும். காலையில் செல்ப் அடிக்குமுன் கைப்பம்பை இருபது தடவை அழுத்துங்கள். உடனே கிளம்பினால் பழுது இதுவே. ரப்பர் குழாய், செம்பு வாஷர், பில்டர் வளையம் ஆகியவற்றை மாற்றினால் தீரும், செலவு சொற்பம். பில்டரின் அடித்திருகைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால் தண்ணீர் கலந்திருப்பதும் தெரிந்துவிடும். சாவி போட்டதும் டீசல் பம்பில் கேட்க வேண்டிய 'கிளிக்' ஓசை கேட்கவில்லையா? நிறுத்தும் சாலினாய்டின் வயர் தளர்ந்திருக்கலாம். இழுத்து நிறுத்தும் வகையில், கம்பி முழுதும் திரும்பியதா என்று பாருங்கள்.

வெண்புகை வந்தால் ஹீட்டர் பிளக். எல்லா என்ஜினிலும் இது கிடையாது. இருந்தால், இணைப்புப் பட்டையைக் கழற்றி, பாட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு 12 வோல்ட் பல்பு வழியாக ஒவ்வொரு பிளக்கையும் தொடுங்கள். பல்பு எரியாத பிளக் அறுந்தது. எல்லாம் நன்றாக இருந்தும் வெண்புகை வந்தால் நாசில், கம்ப்ரஷன் சோதனைக்கு மெக்கானிக்கிடம் செல்ல வேண்டியதுதான். காற்று வடிகட்டி வாயில் துணி கொளுத்திக் காட்டுவதும், ஈதர் தெளிப்பதும் கூடாது. ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் ஈதர் வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும்.

டீசல் பகுதியில் கூறியவை பழைய பம்பு வகைக்கு மட்டுமே. காமன் ரயில் என்ஜின்களில் உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்த வேண்டாம். அதிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.