கடலோர வீட்டுக் கோழி, வாத்து: கைகொடுக்கும் குறிப்புகள்

தீவன மூட்டை விலையைக் கேட்டாலே முட்டை ஆசை போய்விடுகிறதா? பாம்பன், தேவிபட்டினம், ஏர்வாடிப் பக்கம் கரையிலும் காட்டிலும் சும்மா கிடப்பதை எடுத்தாலே பாதிக் கவலை தீரும். ஒன்றே ஒன்றில்தான் கண்ணாக இருக்க வேண்டும்: உப்பு.

1. ஏலம் முடிந்ததும் கரையில் சங்காயம் (விலைபோகாத கழிவு மீன்) மலிவாகக் கிடைக்கும். உப்புப் போடாமல் காய்ந்த காரப்பொடியாகப் பார்த்து வாங்கி இடித்து, ஒன்பது பங்கு தவிடு, குருணைக்கு ஒரு பங்கு என்று கலந்தால் போதும். சட்டியில் மிஞ்சிய உப்புக் கருவாட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். உப்பு மிஞ்சினால் கோழி தண்ணீராகக் கழியும், குஞ்சு தாங்காது.

2. மீன் அறுத்த குடலும் தலையும் வேகவைத்துப் போட்டால் நல்ல சத்து. முட்டையில் மீன் வாடை அடித்தால் அளவைக் குறையுங்கள். கறிக்கு ஒதுக்கிய சேவலுக்கு அறுப்பதற்குப் பத்து நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், குழம்பு மணக்கும்.

3. நம் வாய்க்குக் கரிக்கிற கிணற்றுத் தண்ணீர் குஞ்சுக்கும் ஆகாது. நம் மாவட்டத்துக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான், அதனால் கூரைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள். குஞ்சுக்கு முதல் சில வாரம் அந்தத் தண்ணீரே போதும். பெரிய கோழிக்கு ஊருணித் தண்ணீர் தாராளம்.

4. முட்டை ஓடு தோல் மாதிரி மெத்தென்று வருகிறதா? கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி, இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டி, காயவைத்து நொறுக்கித் தனிச் சிரட்டையில் வையுங்கள். தேவையானதைக் கோழியே கொத்திக்கொள்ளும். மட்டிச் சிப்பியும் ஆகும். பவளப்பாறைத் துண்டு கிடந்தால் தொடாதீர்கள், அதை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

5. மஞ்சள் கரு வெளிறி இருந்தால் பெட்டிக்கடைக்காரர்கூட மூக்கைச் சுளிக்கிறார். முருங்கைக் கீரை உருவிப் போடுங்கள். கூடவே உடைந்த முண்டு வத்தலை இடித்து ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள், கரு செக்கச்செவேலென்று வரும். கோழிக்குக் காரமே உறைக்காது! 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய்க்கு இப்படியும் ஒரு வேலை உண்டு. பூஞ்சை பிடித்து வெளுத்த வத்தல் மட்டும் வேண்டாம்.

6. குஞ்சுக்குப் புரதம் வேண்டுமென்றால் கரையான்தான், காசே இல்லை. பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் எறும்பு மொய்க்குமுன் எடுத்துக் கொட்டுங்கள்.

7. பருந்துக்கும் காக்கைக்கும் பயந்து கம்பிவலை வாங்க வேண்டாம். படகுக்காரர்கள் கழித்துப்போடும் பழைய இழுவலையை முற்றத்தின் மேல் விரித்துக் கட்டினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மெல்லிய நரம்பு வலையில் கோழிக் காலும் கழுத்தும் சிக்கும், அது வேண்டாம். கீரிக்கும் பாம்புக்கும் வலை போதாது. ராத்திரி கூட்டில் அடைக்கத்தான் வேண்டும்.

8. ஓரம் உடைந்த பிளாஸ்டிக் மீன் பெட்டியை நன்றாகக் கழுவி, வைக்கோல் போட்டு மூலையில் வைத்தால் முட்டைப் பெட்டி தயார். ஐஸ் வைக்கும் தெர்மாகோல் பெட்டி குஞ்சுக்குக் கதகதப்பாகத்தான் இருக்கும், ஆனால் கொத்தித் தின்றுவிடும். உள்ளே கோணி சுற்றித் தைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

9. தாயில்லாக் குஞ்சுக்கு ஒன்றுக்கு 2 வாட் கணக்கு; 25 குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு சரியாக இருக்கும். எல்.இ.டி. வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குஞ்சுகள் பல்புக்கடியில் அப்பினால் சூடு போதவில்லை, ஓரத்தில் ஒதுங்கினால் அதிகம். வேறு அளவுகோல் எதற்கு?

10. அடைக்கு எடுத்துவைத்த முட்டை நம் வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும். ஈர மணல் மேல் மண்சட்டி வைத்து, அதற்குள் அடுக்கிப் பருத்தித் துணியால் மூடுங்கள். ஒரு வாரத்துக்குள் அடையில் வைத்துவிடுங்கள். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சில் பிடித்துப் பார்த்தால் நரம்பு ஓடாதது கூமுட்டை, எடுத்துவிடலாம்.

11. நாட்டு வாத்து முட்டையிடுவதில் கெட்டி, அடைகாப்பதில் சோம்பேறி. அதனால் வாத்து முட்டையை அடைக்கோழியிடம் கொடுத்துவிடுங்கள். கோழி முட்டைக்கு 21 நாள், இதற்கு 28 நாள். ஈரம் கூடுதலாக வேண்டும் என்பதால் கோழி இரைக்கு இறங்கும்போது லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். மணிலா வாத்து மட்டும் விதிவிலக்கு: 35 நாளும் தானே உட்கார்ந்து பொரிக்கும்.

12. கோழி பொரித்த வாத்துக்குஞ்சு தண்ணீரைக் கண்டால் ஓடும், விடாதீர்கள். தாய் வாத்தின் எண்ணெய்ப் பூச்சு கிடைக்காததால் நனைந்து விறைத்துவிடும். மூன்று, நாலு வாரம் குடிக்க மட்டும் தண்ணீர்.

13. வாத்து வளர்க்கக் கண்மாய் வேண்டும் என்பதில்லை. மூக்குத் துளை முங்குகிற ஆழத்துக்கு, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேன் ஒன்று போதும். தீவனப் பக்கத்திலேயே வையுங்கள், இல்லாவிட்டால் தவிடு தொண்டையில் அடைக்கும். அந்த அழுக்குத் தண்ணீரைத் தென்னைக்கோ முருங்கைக்கோ ஊற்றுங்கள், தனி உரம் கேட்காது.

14. வாத்து விடியற்காலையில் முட்டையிடும். ஒன்பது மணி வரை திறந்துவிடாமல் இருந்தால் வேலியோரம் தேடி அலைகிற வேலை மிச்சம்.

15. மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்கைக் கையில் உடைத்து மோந்து பாருங்கள். பூசணம் தட்டியதில் இருக்கும் நஞ்சு கோழியைவிட வாத்தைச் சீக்கிரம் சாய்க்கும். மலிவாகத் தருகிறார்களே என்று நனைந்த மூட்டையை வாங்குவது மலிவே இல்லை.

16. காஞ்சிரங்குளம், சித்திரங்குடி, தேர்த்தங்கால், சக்கரக்கோட்டை சரணாலயக் கண்மாய்ப் பக்கம் வீடா? வலசைப் பறவைகள் வந்திருக்கும் மாதங்களில் உங்கள் வாத்தை அங்கே இறக்காதீர்கள். பறவைக் காய்ச்சல் வந்தாலும் வாத்து சில சமயம் வெளியே காட்டாது, ஆனால் கோழிக்குக் கொடுத்துவிடும்.

17. வெள்ளைக்கழிச்சல் வந்தபின் எந்தக் கஷாயமும் கூட்டத்தைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. மஞ்சளும் மிளகும் நல்லதுதான், தடுப்பூசிக்கு ஈடல்ல. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் இலவசம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கிற இரண்டு வார முகாமையும் தவறவிடாதீர்கள். காலையில் வெயில் ஏறுமுன் போய்விட்டால் கோழியும் வாடாது.

18. பேன், செள்ளுக்கு மருந்து தெளிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். கருவேல விறகுச் சாம்பலையும் நல்ல மணலையும் சமமாகக் கலந்து உடைந்த டயருக்குள் கொட்டினால் கோழியே புரண்டு உதிர்த்துக்கொள்ளும். கடற்கரை மணல் வேண்டாம், உப்போடு ஈரத்தையும் இழுக்கும்.

19. கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அடிக்காது. ஆடிக் காற்றுக்குத் தெற்குப் பக்கம், கார்த்திகை வாடைக்கு வடக்குப் பக்கம் என்று ஒரே பனையோலைப் படலை மாற்றி மாற்றிக் கட்டலாம். மார்கழி முடியும் வரை கூரைக்கு மேல் ஒரு கயிறு போட்டு இழுத்துக் கட்டுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கடல் இது.

20. அடைபடுத்த கோழி முட்டையும் இடாமல், எழுந்திருக்கவும் மாட்டேன் என்கிறதா? மூக்கில் இறகு சொருகுகிற பழைய தண்டனை வேண்டாம். ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் கூடையில் வைக்கோல் இல்லாமல் மூன்று, நாலு நாள் தொங்கவிட்டு, தீவனமும் தண்ணீரும் கொடுங்கள்; அடியில் காற்று படப்பட அடை தானே கலையும்.