பழைய பெயிண்ட் பரிசுத்தமானதாம்!

"அந்தக் காலத்துப் பெயிண்ட்ல கெமிக்கலே கிடையாது சார், எல்லாம் இயற்கை. ரெக்மால் வாங்கி நல்லா தேய்ச்சு எடுத்துட்டுப் புதுசு அடிச்சா ஆச்சு."

கொலு நெருங்குகிற மாதங்களில் டெல்லித் தமிழ் வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்காமல் என்னால் ஒரு காபி குடித்துவிட்டு வர முடிவதில்லை. (ரெக்மால் என்றால் நம் ஊர் உப்புத்தாள்.) பரணிலிருந்து பொம்மைகள் இறங்குகின்றன. அமர் காலனியில் பேரம் பேசி வாங்கிய பழைய மேஜை பால்கனியில் காத்திருக்கிறது. பழைய டெல்லியில் இடித்த ஹவேலியின் கதவு என்று சொல்லி யாரோ தலையில் கட்டியதை டீப்பாயாக்கும் யோசனை வேறு. வீட்டிலேயே கைவேலை செய்வதை நான் தடுக்கவில்லை. நல்ல மரத்தைக் குப்பையில் போடுகிறவர்களைவிட நீங்கள் எவ்வளவோ மேல். ஆனால் பெயிண்ட் ஆய்வுக்கூடத்திலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இந்த ஒரு வசனத்தை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதைச் சொல்பவர்கள் படிக்காதவர்களும் அல்ல. நவம்பர் வந்தால் காற்றின் தரக் குறியீட்டைக் காலையிலும் மாலையிலும் பார்ப்பவர்கள். என்-95 முகமூடி இல்லாமல் காய்கறி வாங்கப் போகாதவர்கள். அவர்களேதான் செப்டம்பரில் மூக்கைத் திறந்துபோட்டுக்கொண்டு, குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய அலமாரியைத் தேய்க்கிறார்கள்.

அந்தப் பெயிண்டில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். வெள்ளை நிறத்துக்கு ஈய வெள்ளை, அதாவது காரீய கார்பனேட். மஞ்சளுக்குக் காரீய குரோமேட். பச்சை வேண்டுமென்றால் அதே மஞ்சளோடு பிரஷ்யன் நீலத்தைக் கலப்பார்கள். இரும்புப் பீரோவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் துருப் பிடிக்காமல் அடிப்பூச்சாகச் செந்தூர நிறத்தில் காரீய ஆக்சைடு. நிறமே இல்லாவிட்டாலும், எண்ணெய்ப் பெயிண்ட் சீக்கிரம் உலர வேண்டும் என்று காரீய உப்பைத் துளித்துளியாகச் சேர்ப்பதுண்டு. பழைய ஈய வெள்ளைப் பூச்சில், உலர்ந்த எடையில் பாதி வரைகூடக் காரீயமாகவே இருக்கும். உங்கள் 'இயற்கை' இதுதான். காரீயமும் மண்ணிலிருந்து வந்ததுதானே என்று வாதிட்டால் நான் எழுந்து போய்விடுவேன்.

"ஈயச்சொம்பில் ரசம் குடித்துத்தானே வளர்ந்தோம்?" என்று அடுத்த கேள்வி வரும். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அது வேறு உலோகம். நான் பேசுவது காரீயம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் உடலில் ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம். ஆக மொத்தம் 50 மைக்ரோகிராம். இப்போது நீங்கள் தேய்த்த அலமாரிக்கு வாருங்கள். அதில் நூற்றுக்கு ஒரு பங்குதான் காரீயம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் தூசியில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. நீங்கள் தேய்த்து எடுப்பது ஒரு கிராமும் அல்ல, கைப்பிடி கைப்பிடியாக. விழுங்கும் காரீயத்தில் பெரியவர்கள் உடல் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், சிறு குழந்தைகள் உடல் பாதியைக்கூட எடுத்துக்கொள்ளும். தரையில் தவழ்ந்து, அந்தக் கையையே வாயில் வைக்கிற வயது அது. போதாக்குறைக்குக் காரீய உப்புகள் சில இனிக்கும். குழந்தை துப்பாது.

உடனே வாந்தி வந்து, மயக்கம் போட்டு விழுந்தால் யாராவது நம்புவார்கள். பெரும்பாலும் அப்படி எதுவும் நடக்காது. கவனம் குறையும், படிப்பு மந்தமாகும், ரத்தசோகை வரும். மருத்துவர் இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுப்பார், பாட்டி கண்ணேறு கழிப்பார். அலமாரியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உலகில் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் அந்த 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பதாக யுனிசெஃப் 2020இல் கணக்குச் சொன்னது. அதில் இந்தியாவின் பங்கு 27 கோடிக்கு மேல். பழைய பேட்டரி உருக்குவது முதல் கலப்பட மஞ்சள்தூள் வரை காரணங்கள் பல. பெயிண்ட் மட்டுமே குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது.

வீட்டுக்குள் ஈய வெள்ளை அடிக்கக் கூடாது என்று ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை போட்டது 1921இல். அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் காரீயத்தைத் தடுத்தது 1978இல். டெல்லியில் பெட்ரோலிலிருந்து காரீயம் போனது 1998இல். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுக்கு 90 பிபிஎம் என்ற கட்டாய வரம்பு அறிவிக்கப்பட்டது 2016இல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன்பு, டாக்சிக்ஸ் லிங்க் என்ற டெல்லி அமைப்பு கடைப் பெயிண்டுகளை வாங்கிச் சோதித்து, முடிவுகளை வெளியிட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. ஆகவே உங்கள் பொருளின் பெயிண்ட் 2017க்கு முந்தியது என்றால் காரீயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. அந்த 2016 விதி வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு மட்டும்தான். தொழிற்சாலைப் பெயிண்டுக்குப் பொருந்தாது. "பளபளப்பு நன்றாக இருக்கிறது" என்று இயந்திரங்களுக்கு அடிக்கிற பெயிண்டை வாங்கி வந்து அகல் விளக்குக்கும் மரப் பொம்மைக்கும் அடிப்பவர்களை எனக்குத் தெரியும். டப்பாவில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்று படியுங்கள். இல்லாவிட்டால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சரி, என்னதான் செய்வது? பழைய பூச்சு உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் துடைத்து, வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரத்தோடு லேசாக ஒருமுறை வருடி, மேலே பிரைமரும் புதுப் பூச்சும் கொடுங்கள். உள்ளே இருப்பது உள்ளேயே கிடக்கட்டும். உரிந்து தொங்குகிறது என்றால் நீர் தெளித்துக்கொண்டே சுரண்டுங்கள், உலர்ந்த நிலையில் ஒருபோதும் வேண்டாம். கீழே பாலிதீன் விரியுங்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். துணி முகமூடி போதாது, குறைந்தபட்சம் அந்த நவம்பர் என்-95. சாண்டர் மெஷினை வாடகைக்கு எடுத்து வருகிறவர்கள் வீடு முழுவதற்கும் காரீயத்தைப் பகிர்ந்தளிக்கிறார்கள். நெருப்பு விளக்கால் பொசுக்குகிறவர்கள் அதைப் புகையாகவே தருகிறார்கள். வீட்டில் கர்ப்பிணியோ ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ இருந்தால் சுரண்டும் வேலையே வீட்டில் வேண்டாம். கொலுப் பொம்மைகளில் காகிதக்கூழில் செய்தவை நனைந்தால் ஊறிவிடும். அவற்றைப் பிழிந்த துணியால் ஒற்றித் தூசி எடுத்து, மேலேயே வண்ணம் தீட்டுங்கள். பழைய வண்ணத்தைத் தேய்த்து எடுக்கவே வேண்டியதில்லை.

"பெயிண்ட் ரிமூவர் தடவினால் தூசியே வராதே" என்பார்கள். வராது. ஆனால் அவற்றில் பலவற்றிலும் இருப்பது மெத்திலீன் குளோரைடு. மூச்சோடு உள்ளே போனால் உடம்பு அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றும். ஜனவரியில் மூடிய அறையில் அங்கீட்டி (கரி அடுப்பு) வைத்துத் தூங்கினால் என்ன ஆகும் என்று டெல்லிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதுவும் அதே வாயுதான். பொதுமக்களுக்கு இந்த வகை ரிமூவரை விற்கக் கூடாது என்று அமெரிக்கா 2019இல் நிறுத்திவிட்டது.

மற்றப் புரளிகளுக்கு அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. "எல்லாம் பர்மா தேக்கு": இல்லை. டெல்லியின் பழைய சாமான்களில் நிறைய ஷீஷம். மாமரம், தேவதாரு, சால் எல்லாம் உண்டு. ஷீஷம் தேக்குக்குத் தாழ்ந்ததும் இல்லை, நம் தோதகத்திக்குச் சொந்தக்கார மரம். V வடிவக் காலோடு பிரம்பு பின்னிய நாற்காலியெல்லாம் சண்டிகரில் பியர் ஜான்ரே வடிவமைத்த அசலும் அல்ல. அசலை விற்கக் கூடாது என்று 2011இலேயே உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டிருக்கிறது. உங்களுக்கு மலிவாகக் கிடைத்தது நகல். "மண்ணெண்ணெய் ஊற்றினால் கரையான் சாகும்": ஊற்றிய இடத்தில் இருப்பவை சாகும், புற்று மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். "ஆளிவிதை எண்ணெய் இயற்கையானது, ஆபத்தில்லை": எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுப் பாருங்கள், யாரும் பற்றவைக்காமலே தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். மே மாத டெல்லியில் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் முக்கிவிட்டு, விரித்துக் காயப்போடுங்கள்.

"மழைக்காலத்தில் பாலிஷ் போடக்கூடாது" என்பது மட்டும் உண்மை. ஈரக்காற்றில் அவலரக்குப் பூச்சு (ஷெல்லாக்) வெளுத்துப் பால் படர்ந்தது போலாகிவிடும். ஜூலை, ஆகஸ்டு போகட்டும், காத்திருங்கள்.

அவலரக்கு என்று சொல்லிவிட்டேன், இனி நிறுத்துவது கஷ்டம். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின் அது. அதை ஆராய்வதற்கென்றே ராஞ்சிப் பக்கத்தில் நாம்கும்மில் 1924இலிருந்து ஒரு நிறுவனம் இருக்கிறது. மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாகத் தின்னவே கொடுக்கிறார்கள். ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் தேய்த்துப் பூசுவதுதான் பிரெஞ்சு பாலிஷ். இதன் அருமை என்ன தெரியுமா? புதுப் பூச்சிலிருக்கும் ஸ்பிரிட் பழைய பூச்சை இளக்கிக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும். சுரண்டவே வேண்டாம், தூசியே இல்லை. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். இதை விட்டுவிட்டுக் கீர்த்தி நகர் கடைக்காரர் சொன்னார் என்று பியூ (பாலியூரிதேன்), மெலமைன் என்று ஓடுகிறீர்கள். மெலமைன் பூச்சிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியும். பியூ கீறினால் மொத்தத்தையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். சூடான டபராவை வைத்தால் அவலரக்கில் வட்டம் விழும் என்பது மெய்தான். டபராவுக்கு அடியில் ஒரு தட்டு வைக்கத் தெரியாதா உங்களுக்கு?

கையால் பிரெஞ்சு பாலிஷ் போடத் தெரிந்த மிஸ்திரிகள் டெல்லியில் இன்னமும் இருக்கிறார்கள். கூப்பிட ஆள் இல்லாமல் அவர்களும் ஸ்பிரே துப்பாக்கிக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பழைய பெயிண்டை உரிக்க ஒரு மிஸ்திரியை அழைத்தால், நடைபாதையில் முகமூடியில்லாமல் உட்கார்ந்து தேய்க்கப்போவது அவர்தான். அந்தத் தூசியைச் சட்டையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்த் தன் குழந்தையைத் தூக்கப்போவதும் அவர்தான். கூலி பேசும்போதே முகமூடிக்கும் வாட்டர் பேப்பருக்கும் சேர்த்துப் பேசுங்கள். ஈரத்தில் தேய்த்தால் வேலை நாள் கூடும். அந்தக் கூடுதல் நாள் கூலியையும் பேரம் பேசாமல் கொடுங்கள்.